கூடுதல் ஃபிரெட்டா, ஃபிரெட்டே இல்லாமலா: நுண்சுரக் கிட்டாரில் எதைத் தேர்வது?

சாதாரணக் கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்குச் சமமாகப் பிரித்த 12 சுரங்கள். அவற்றுக்கு நடுவே இருக்கும் நுண்சுரங்களையும் வாசிக்க ஆசைப்படுகிறவர் ஃபிரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளை) அடியோடு எடுத்துவிடலாம், கூட்டலாம், நகர்த்தலாம். விரற்பலகையைக் குழித்துக் கம்பியை இழுத்து வாசிக்கலாம். உலோகக் குழாயைக் கம்பிமேல் வைத்துச் சறுக்கலாம். எல்லாமே நடைமுறையில் உள்ள வழிகள்தான், எல்லாவற்றிலும் பெரிய கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் எளிதாக வருவது இன்னொன்றில் வரவே வராது. எனவே "24 வாங்கலாமா, 31 வாங்கலாமா" என்று ஸ்தாயிக்கு எத்தனை ஃபிரெட் என்ற எண்ணிக்கையை வைத்துப் பேச்சைத் தொடங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. எந்தச் சுரம் வேண்டும், அதை நிறுத்தி ஒலிக்க வேண்டுமா அசைக்க வேண்டுமா, தனியாகவா கார்டுக்குள்ளா (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது கார்டு) என்பதை முதலில் வாயால் பாடிப் பார்த்துவிட வேண்டும். கருவி அதற்குப் பிறகு.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு கவலை, இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்பது. சிக்கலான இசை மக்களுக்குப் பிடிக்காது, நுண்சுரம் சிக்கலானது, ஆகவே நுண்சுரம் மக்களுக்குப் பிடிக்காது என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் நடமாடுகிறது. அந்தக் கணக்கின் நடுவரி பிழையானது. அதைப் பிறகு பார்ப்போம். கருவியைத் தேர்வதில் அதற்கும் பங்கு உண்டு.

முதலில் 12 சுரக் கிட்டாரில் என்னதான் குறை? 650 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள ஒரு கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஃபிரெட், அதாவது வெறும் கம்பியை ஷட்ஜமாகக் கொண்டால் அந்தர காந்தாரம், நட்டிலிருந்து (கழுத்தின் முனையில் கம்பிகள் தங்கும் கட்டையிலிருந்து) 134.1 மி.மீ. தொலைவில் இருக்கும். கம்பியின் நீளத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிடைக்கும் இயற்கையான காந்தாரத்துக்கு ஃபிரெட் 130 மி.மீ.இல் இருக்க வேண்டும். வெறும் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் 220 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தோடு சேர்த்து மீட்டினால், 12 சமபங்குக் காந்தாரம் விநாடிக்கு ஏறக்குறைய 9 முறை அதிர்ந்து துடிக்கும். இயற்கைக் காந்தாரத்தில் அந்தத் துடிப்பு அடங்கி, இரண்டு சுரமும் ஒன்றாகக் கரையும். தம்பூராவின் மந்தரக் கம்பி அடங்கி ஒலிக்கும்போது தானாக மேலெழும் காந்தாரம் இதுதான். அந்தக் காந்தாரத்தில் பழகிய காதுக்கு, பியானோவின் காந்தாரம் 14 சென்ட் உயர்ந்து நிற்பது தெரிந்துவிடும். (ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்.)

இது ஒரு வகைத் தேவை: இருக்கும் சுரத்தைத் துல்லியமாக்குவது. இன்னொரு வகை, 12இல் இல்லவே இல்லாத சுரத்தைச் சேர்ப்பது. சாதாரண காந்தாரத்துக்கும் (300 சென்ட்) அந்தர காந்தாரத்துக்கும் (400 சென்ட்) நட்டநடுவே, ஏறக்குறைய 350 சென்ட்டில் நிற்கும் காந்தாரம் அரபு இசையின் உயிர். அதே கிட்டாரில் அதற்கு 119 மி.மீ.இல் ஒரு ஃபிரெட் வேண்டும். மூன்றாவது வகை, ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும் சுரம். நம் தோடியின் காந்தாரம் அப்படிப்பட்டது. இந்த மூன்று தேவைக்கும் ஒரே கருவி தீர்வாகாது.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், தமிழ் வாசகர்களில் பலருக்கு வேண்டியது அதுதான் என்பதால். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கக் கூடுதல் ஃபிரெட் வேண்டியதில்லை. வீணைக்கு 24 மெட்டுகள்தான். இரண்டு ஸ்தாயிக்கு, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. கமகம் மெட்டில் இல்லை, கம்பியை இழுக்கும் விரலில் இருக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒரு மின் மாண்டலினின் சாதாரண ஃபிரெட்டுகளின் மேல் ராகங்களை அவற்றின் முழு அசைவோடு நிறுத்திக் காட்டினார். 22 சுருதிக்கும் தனித்தனி ஃபிரெட் பதித்த கிட்டார் ஒன்று இருந்தால் தோடி வந்துவிடும் என்று நம்புகிறவர், தோடியைப் படிக்கட்டில் ஏற்றுகிறார். அசைவுக்கு உதவுவது குழித்த விரற்பலகை. ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைச் சுரண்டிப் பள்ளமாக்கினால் விரல் மரத்தில் உரசாது. கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பதும் கீழ்நோக்கி அழுத்துவதும் எளிதாகும். ஜான் மெக்லாஃப்லின் எழுபதுகளில் சக்தி குழுவுக்காக கிப்ஸன் நிறுவனத்தில் கருவி வினைஞர் ஏப் வெக்டரைக் கொண்டு செய்வித்த கிட்டார் இப்படிப்பட்டதுதான். உடலின் குறுக்கே அனுதாபக் கம்பிகளும் (மற்ற கம்பிகளின் ஒலிக்குத் தாமே அதிர்பவை) அதில் உண்டு. அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். குழித்த பலகையின் குறை கார்டில் தெரியும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே சுரம் உயர்ந்துவிடும், ஆறு கம்பியிலும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். கம்பியை இழுத்துச் சுரத்தை உயர்த்தத்தான் முடியும், தாழ்த்த முடியாது என்பதும் உண்டு. இறங்கும் அசைவுக்கு கீழ் ஃபிரெட்டில் முன்கூட்டியே இழுத்து வைத்துத் தளர்த்த வேண்டும். வீணைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

சறுக்கி வாசிக்கும் கிட்டாரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாயன் கிட்டாரை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தார். விஸ்வ மோகன் பட் தாமே கிட்டாரை மாற்றி அமைத்த மோகன வீணையோடு, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து 1994இல் கிராமி விருது பெற்றார். சித்திரவீணை நம்மிடமே இருக்கிறது. ஒற்றை மெலடிக்கு இதைவிடச் சுதந்திரமான வழி இல்லை. கார்டுக்கு இதைவிடக் குறுகிய வழியும் இல்லை.

ஃபிரெட் இல்லாத கிட்டாரும் மெலடிக்காரரின் கருவிதான். துருக்கியின் எர்கான் ஓகுர் 1976இல் செவ்வியல் கிட்டாரின் ஃபிரெட்டுகளைக் களைந்து, ஃபிரெட் இல்லாத அரபு, துருக்கிக் கம்பிக்கருவியான ஊத் வாத்தியத்தின் பேச்சைக் கிட்டாருக்குக் கொடுத்தார். கேட்க மிக அழகாக இருக்கும். ஆனால் நைலான் கம்பியை விரல் நுனி மரத்தோடு அழுத்துகையில் நாதம் சீக்கிரம் செத்துவிடுகிறது. விரலின் சதை ஒலியை உறிஞ்சிவிடும், ஃபிரெட்டின் உலோக விளிம்பு அதை வாழவைக்கும். மின்கிட்டாரில் உலோகப் பலகை பதித்து இதை ஓரளவு சரிசெய்கிறார்கள். இதில் மூன்று சுரக் கார்டைச் சுத்தமாகப் பிடிப்பதற்கே நெடுங்காலம் உழைக்க வேண்டும். வயலின் பழகிய காது உள்ளவர் துணிந்து இறங்கலாம். கிட்டார் மட்டுமே தெரிந்தவருக்கு முதல் நுண்சுரக் கருவியாக இதை நான் சொல்லமாட்டேன். எது சரியான இடம் என்று காட்ட எதுவும் இல்லாதபோது, பழகிய 12 சுரத்துக்கே விரல் திரும்பிப் போய்விடும்.

இனி ஃபிரெட்டைக் கூட்டும் கட்சி. இதில் மிகப் பரவலானது 24: ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் நடுவே ஒரு ஃபிரெட். அரைச்சுரத்தில் பாதியான இந்த இடைவெளிதான் கால்சுரம். மெல்போர்ன் நகரத்தின் கிங் கிஸர்ட் அண்ட் தி லிசர்ட் விசர்ட் குழு 2017இல் 'ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா' தொகுப்பை இப்படித்தான் உருவாக்கியது. துருக்கியின் நீண்ட கழுத்துக் கம்பிக்கருவியான பக்லமாவில் விழுந்த மோகத்தில் தொடங்கி, குழுவின் தலைவர் ஸ்டூ மெக்கன்ஸிக்காகக் கூடுதல் ஃபிரெட்டோடு ஒரு மஞ்சள் கிட்டார் செய்யப்பட்டது. அவர் மட்டும் மாறினால் போதாது என்பதால், குழுவினருக்கு ஆளுக்கு 200 டாலர் கொடுத்து ஆளாளுக்கு ஒரு கருவியை வாங்கி நுண்சுரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். இந்த விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். நுண்சுரக் கிட்டார் வாங்கும் பலரும் மறந்துவிடும் செலவு இது. உங்கள் காந்தாரம் 350 சென்ட்டில் நிற்க, பக்கத்தில் கீபோர்டு 400இல் நின்றால் கேட்பவருக்கு அது புதுமையாகத் தெரியாது, பிழையாகத்தான் தெரியும். பேஸ் கிட்டார், கீபோர்டு, பாடகர் மூவரையும் கூடவே அழைத்துச் செல்ல முடியுமா என்பதை வாங்கும் முன் யோசிக்க வேண்டும்.

24இன் பெரிய நன்மை, பழைய 12 சுரமும் அப்படியே இருக்கும். தெரிந்த கார்டுகளெல்லாம் கைவசம். சாதாரணக் கிட்டாரின் கழுத்திலேயே மெல்லிய ரம்பத்தால் கீறி, ஃபிரெட் கம்பியை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அரம் போட்டுவிடலாம். புதுக் கழுத்து வேண்டாம். குறை என்னவென்றால், கால்சுரம் என்பது ஒரு கணக்குச் சமரசம். துருக்கி இசைக் கோட்பாடு ஒரு முழுச்சுரத்தை ஒன்பது கோமாவாகப் பிரிக்கிறது. அங்கே நான்கில் ஒன்று, இரண்டு என்று பேசினால் போதாது. அரபு நாடுகளுக்குள்ளேயே ரஸ்த் என்ற மகாமின் (நம் ராகத்தைப் போன்றது மகாம்) காந்தாரம் ஊருக்கு ஊர் ஏறியும் இறங்கியும் நிற்கும். முன்பு சொன்ன இயற்கைக் காந்தாரமும் 24இல் கிடைக்காது. அந்தப் பழைய 14 சென்ட் பிழை அப்படியே தொடரும்.

அந்தப் பிழையைத் தீர்ப்பது 31, அதாவது ஸ்தாயியை 31 சம பங்காகப் பிரிப்பது. ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1691இலேயே இந்தப் பிரிவை ஆராய்ந்து எழுதினார். அதே நாட்டின் இயற்பியலாளர் அட்ரியான் ஃபோக்கர் அதற்கென ஓர் ஆர்கனையே வடிவமைத்து 1950இல் ஹார்லெம் நகரத்தில் நிறுவினார். 31இல் காந்தாரம் 387 சென்ட்: இயற்கைக் காந்தாரத்திலிருந்து ஒரு சென்ட் கூட விலகவில்லை. பஞ்சமம் 5 சென்ட் தாழ்கிறது, ஆனால் அது உறுத்தாத அளவு. 12இல் எட்டாத இயற்கை ஏழாம் சுரமும், அரபுக் காந்தாரத்துக்கு மிக நெருங்கிய 348 சென்ட்டும் இதிலேயே கிடைக்கின்றன. கார்டுகளின் இனிமைக்கு இதற்கு ஈடில்லை என்பேன். விலையை விரல் கொடுக்கும். 650 மி.மீ. கிட்டாரில் நட் பக்கத்தில் ஃபிரெட்டுகளுக்கு இடையே 14 மி.மீ. இருக்கும், ஒரு ஸ்தாயி தாண்டினால் 7 மி.மீ.தான். விரல் நுனியே அதைவிட அகலம். கார்டு வடிவங்கள் அனைத்தையும் புதிதாகப் பழக வேண்டும், கழுத்தையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். 19 சமபங்கு இதற்குத் தம்பி: இடைவெளி தாராளம், சாதாரண காந்தாரம் அபாரமான துல்லியம், பஞ்சமம் மட்டும் 7 சென்ட் தாழ்ந்து சற்றே சோர்வாக ஒலிக்கும்.

நகரும் ஃபிரெட்டுகள்தான் எனக்கு மிகவும் நெருக்கமானவை. இது புதுமை அல்ல. பக்லமாவின் கழுத்தில் ஃபிரெட்டுகள் கட்டப்பட்டவை, பாடலுக்கு ஏற்ப நகர்த்தப்படுபவை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே நகரும் ஃபிரெட் கிட்டார்கள் செய்யப்பட்டன. இன்று இதை உலகறியச் செய்தவர் இஸ்தான்புல்லின் தோல்கஹான் சோகுலு. 2008இல் அவர் வடிவமைத்த கிட்டாரில் ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் ஒரு தடம். அதில் சின்னஞ்சிறு ஃபிரெட் துண்டுகள் தனித்தனியே நகரும், வேண்டுமானால் புதிதாகச் செருகலாம். 2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் நடத்தும் கத்மன் புதிய இசைக்கருவிப் போட்டியில் இது முதல் பரிசு பெற்றது. பிறகு தம் சிறு வயது மகனோடு சேர்ந்து லெகோ துண்டுகளால் ஒரு நகரும் ஃபிரெட் பலகையும் செய்தார். பாட்டுக்குப் பாட்டு ஃபிரெட்டை மாற்றி அமைக்கலாம் என்பதால் ஒரே கருவியில் மகாம், இயற்கைச் சுருதி, கால்சுரம் எல்லாம் வரும். ஆனால் இந்தக் கிட்டார் தனியாகச் செய்வித்துப் பெற வேண்டியது. மேடையில் இரண்டு பாடல்களுக்கு நடுவே ஆறு கம்பியின் துண்டுகளையும் மாற்றி அடுக்க நேரம் இருக்காது.

இதையே செலவில்லாமல் செய்து பார்க்க ஒரு வழி உண்டு: தூண்டில் நரம்பு. ஒரு பழைய கிட்டாரின் கழுத்தைச் சுற்றி, வேண்டிய இடத்தில் நைலான் நரம்பை இரண்டு சுற்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் அதுவே ஃபிரெட். தடிமனில்தான் சூட்சுமம். உலோக ஃபிரெட்டைவிட நரம்பு தாழ்வாக இருந்தால், அடுத்த ஃபிரெட்டில் கம்பி பட்டு இரையும். உயரமாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள உலோக ஃபிரெட் வேலை செய்யாது. ஃபிரெட் உயரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் நரம்பில் தொடங்கலாம். செவ்வியல் கிட்டாரின் பலகை தட்டையானது, அதில் நரம்பு நடுப்பகுதியில் மரத்தோடு ஒட்டாமல் எழும்பி நிற்கும். இலேசான வளைவுள்ள ஸ்டீல் கம்பிக் கிட்டாரே இதற்கு உகந்தது. கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு மேல் கட்ட முடியாது. உலோகத்தின் கூர்மையான நாதமும் வராது, சற்று மந்தமாகத்தான் ஒலிக்கும். ஆனால் 119 மி.மீ.இல் ஒன்று கட்டி ஒரு மாலை வாசித்தால், அந்தக் காந்தாரம் உங்களுக்கு வேண்டியதா என்பது தெரிந்துவிடும். எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாத விடை அது.

இப்போது கேட்பவரிடம் வருவோம். இருபதாம் நூற்றாண்டில் கேட்பவரை மிகவும் விரட்டிய இசை எது என்று பார்த்தால், அதில் பெரும்பங்கு நம் வீட்டுக் கீபோர்டில் இருக்கும் அதே 12 சுரத்தில் எழுதப்பட்டது. அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட் 1958இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், உயர்கணிதம்போல் இசையும் நிபுணர்களுக்கான ஆய்வாக இருக்கலாம் என்று வாதிட்டார். சுரம், நீளம், உரப்பு என எல்லாவற்றையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்த அவருடைய இசை 12 சமபங்கு இசை. மறுபக்கம் எகிப்தின் பாடகி உம் குல்சூம்: கெய்ரோவிலிருந்து மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவர் பாடியதை வானொலியில் அரபு உலகமே கேட்டது. ஒரே பாடல் ஒரு மணி நேரம் நீளும். அந்த இசையில் நிறைந்திருந்தவை மேற்கத்தியக் காது 'சுருதி விலகியது' என்று சொல்லக்கூடிய சுரங்கள். 1975இல் அவர் இறுதி ஊர்வலத்தில் திரண்ட மக்கள் வெள்ளம் நுண்சுரத்துக்குப் பயந்த கூட்டம் அல்ல. ப்ளூஸ் கலைஞர்கள் கம்பியை இழுத்துப் பிடிக்கும் காந்தாரமும் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில்தான் நிற்கிறது. அதைச் சிக்கல் என்று யாரும் சொன்னதில்லை.

பழக்கம் இதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2016இல் ஜோஷ் மெக்டெர்மாட்டும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது அது. பொலிவியாவின் அமேசான் காட்டில், மேற்கத்திய இசையோடு அதிகத் தொடர்பில்லாத சிமானே மக்கள், இணைந்தொலிக்கும் கார்டையும் முரணும் கார்டையும் ஒரே அளவு இனிமையாக மதிப்பிட்டார்கள். அமெரிக்கர்களோ முன்னதையே விரும்பினார்கள். காதில் விழுந்து பழகியதுதான் பெரிதும் இனிக்கிறது என்றால், புதிய சுரமும் பழக்கப்பட்டால் இனிக்கும்.

ஆனால் பழக்குவது எப்படி? உளவியலாளர் டேனியல் பெர்லைன் எழுபதுகளில் சொன்ன கருத்து இங்கே உதவும். சிக்கல் கூடக் கூட ரசனை ஓர் எல்லை வரை ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. மிக எளியது சலிக்கிறது, மிகச் சிக்கலானது களைப்பூட்டுகிறது. ஆகவே சுரத்தில் புதுமை சேர்க்கும்போது மற்ற எல்லாவற்றிலும் கேட்பவருக்குப் பிடிமானம் கொடுக்க வேண்டும். முன்பு சொன்ன மெல்போர்ன் குழு செய்தது அதுதான். தொகுப்பின் தொடக்கப் பாடல் ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரே தாளத்தில், ஒரே ஆதாரச் சுரத்தில் சுழல்கிறது. குழந்தையும் கூடப் பாடும் சொற்கட்டு. அந்தத் தரையின் மேல் கால்சுரம் வந்து நிற்கும்போது கேட்பவர் பதறுவதில்லை, தலையாட்டுகிறார். புதுச் சுரம், புதுக் கார்டு, ஏழரை அட்சரத் தாளம், வரிக்கொரு மாற்றம் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினால் விருந்தாளி எழுந்துதான் போவார்.

இந்தப் பார்வையில் கருவிகளைத் திரும்பப் பார்த்தால் என் தேர்வு தெளிவாகிறது. 31 சுரமும் கையில் கிடைத்தவருக்கு 31ஐயும் பயன்படுத்தத் தோன்றும், ஒரே பாட்டில் பன்னிரண்டு புது இடைவெளிகள் வந்து விழும், கேட்பவர் காதில் ஒன்றும் தங்காது. இரண்டே இரண்டு புதுச் சுரத்தோடு வாழ்கிறவர் அவற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். கேட்பவரும் அவற்றைத் தெரிந்துகொள்வார். அதனால் ராகம் வாசிப்பவருக்குக் குழித்த பலகை அல்லது சறுக்குக் கிட்டார். மகாம் வழியில் போகிறவருக்கு முதலில் கட்டிய நரம்பு. அதில் நிலைத்துவிட்ட இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பிறகு நிரந்தர உலோக ஃபிரெட். 24ஐயும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வெவ்வேறு நாட்டு இசையைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் செவ்வியல் கலைஞர் பணம் சேர்த்து நகரும் ஃபிரெட் கிட்டார் செய்துகொள்ளலாம், அது வீண்போகாது.

31ஐ நான் பரிந்துரைப்பது ஒருவருக்கு மட்டும்: கார்டுகளை அடுக்கி எழுதுகிற, பெரும்பாலும் வீட்டில் பதிவு செய்கிற இசையமைப்பாளர். அவருக்கு மேடையின் அவசரம் இல்லை. மற்ற கருவிகளையும் கணினியில் அதே சுருதிக்கு மாற்றிவிடலாம். அவரும் வாங்கும் முன் கணினியில் 31 சுருதியை அமைத்து, முதல் பாட்டை இயற்கைக் காந்தாரக் கார்டுகளை மட்டும் வைத்து மெதுவாக ஓடும் ஒன்றாக எழுதிப் பார்க்கட்டும். அதைச் சங்கீதம் தெரியாத இரண்டு பேருக்குப் போட்டுக்காட்டி, எந்த இடத்தில் அவர்கள் நிமிர்ந்து கேட்கிறார்கள் என்று கவனிக்கட்டும். கழுத்துக்கு ஆர்டர் கொடுப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.